கவென்ட்ரி: நின்றதை இடித்து, விழுந்ததைக் காத்த நகரம்

கவென்ட்ரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஊர் என்று கேள்விப்பட்டு வருபவர் முதலில் காண்பது கான்கிரீட்டைத்தான். 1962-இல் கட்டிய ரயில் நிலையம், நகர மையத்தைக் கோட்டை மதில் போலச் சுற்றி ஓடும் வட்டச் சாலை, அதற்கப்பால் சதுரம் சதுரமான கடைக் கட்டடங்கள். பழமைக்குச் சாட்சியாக வானத்தில் மூன்று கூர்கோபுரங்கள் நிற்கின்றன. ஜெர்மானியக் குண்டுகள் அழித்ததால் ஊர் இப்படி ஆயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. போருக்கு முன்பும் பின்பும், நன்றாக நின்றுகொண்டிருந்த பழைய கட்டடங்கள் பலவற்றை நகர நிர்வாகமே இடித்தது. குண்டில் விழுந்த பேராலயம் மட்டும் விழுந்த கோலத்திலேயே பாதுகாக்கப்பட்டது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கவென்ட்ரி விளங்கும்.

ஊரின் எழுதப்பட்ட வரலாறு 1043-ஐ ஒட்டித் தொடங்குகிறது. மெர்சியாவின் பிரபு லியோஃப்ரிக்கும் அவர் மனைவி கொடைவாவும் அந்த ஆண்டில் இங்கே பெனடிக்டின் துறவியரின் மடம் ஒன்றை நிறுவினர். மக்கள் மீது கணவர் விதித்த வரியைக் குறைக்கச் செய்வதற்காகக் கொடைவா ஆடையின்றிக் குதிரையேறி ஊரை வலம் வந்தாள் என்ற கதை பின்னாளில் சேர்ந்தது. மடத்தோடு இணைந்த பேராலயம் 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் கலைக்கப்பட்டு இடிக்கப்பட்டது. மதச் சீர்திருத்தக் காலத்தில் இடித்துத் தள்ளப்பட்ட ஒரே ஆங்கிலப் பேராலயம் அது. ஆக, கவென்ட்ரி பேராலயத்தை இழந்தது 1940-இல் முதல் முறையாக அல்ல. அதன் பின் தூய மிகாவேல் தேவாலயம் ஊரின் பெரிய கோயிலாக விளங்கி, 1918-இல் பேராலயத் தகுதி பெற்றது. 90 மீட்டர் உயரமுள்ள அதன் கூர்கோபுரம், இங்கிலாந்தின் பேராலயங்களில் சாலிஸ்பரி, நாரிச் ஆகியவற்றுக்கு அடுத்த உயரம் கொண்டது.

கவென்ட்ரி கைத்தொழிலால் வளர்ந்த ஊர். இடைக்காலத்தில் கம்பளித் துணியும் சாயம் போகாத நீலமும் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. பிறகு பட்டு ரிப்பன் நெசவு, கைக்கடிகாரம், தையல் இயந்திரம் என்று தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு தொழில் நொடிக்கும்போது அதே கைகள் இன்னொன்றைப் பற்றிக்கொண்டன. இன்று உலகெங்கும் ஓடும் சைக்கிளின் வடிவத்துக்கு முன்னோடியான ‘ரோவர்’ சைக்கிளை ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் இங்கேதான் உருவாக்கினார். சைக்கிள் பட்டறைகளிலிருந்து மோட்டார் தொழில் பிறந்தது. 1896-இல் டைம்லர் நிறுவனம் இங்கே கார் தயாரிப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஊரின் ஆலைகள் விமான எஞ்சின்களும் ராணுவ வாகனங்களும் செய்துகொண்டிருந்தன. பல ஆலைகள் வீடுகளுக்கு நடுவிலேயே இருந்தன. எதிரியின் குண்டுக்கு ஊர் இலக்கானதற்கு இதுவே காரணம்.

போருக்கு முன்னரே கவென்ட்ரியின் பழைய தெருக்களுக்கு ஆபத்து வந்துவிட்டது. வேலை தேடி வந்தவர்களால் மக்கள்தொகை பெருகியது. இடைக்காலச் சந்துகளில் மோட்டார்கள் நெரிந்தன. 1936-இல், மரச் சட்டகமும் முன்னோக்கிச் சாய்ந்த மாடிகளும் கொண்ட புட்சர் ரோ என்னும் கசாப்புக்காரர் தெரு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் டிரினிட்டி தெரு போடப்பட்டது. அடுத்த ஆண்டு நகர மன்றம் தொழிற்கட்சியின் கைக்கு வந்தது. நகரைத் திட்டமிட்டு மாற்ற விரும்பிய மன்றம் டொனால்ட் கிப்சன் என்ற இளைஞரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தது. அவருடைய குழு ‘நாளைய கவென்ட்ரி’ என்ற கண்காட்சியை 1940 மே மாதத்தில் நடத்தியது. பெரிய குண்டுவீச்சுக்கு ஆறு மாதம் முன்னரே புதிய நகரின் மாதிரி மேசை மேல் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1940 நவம்பர் 14 இரவு முழுநிலவு, கடும் பனிக்குளிர். ‘நிலவொளி சொனாட்டா’ என்ற மறைபெயரில் ஏறத்தாழ 500 ஜெர்மானிய விமானங்கள் வந்தன. வானொலிக் கற்றைகளைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்த சில விமானங்கள் தீக்குண்டுகளை எறிந்து இலக்கைக் குறித்தன. பின்னால் வந்தவற்றுக்கு எரியும் நகரமே விளக்காயிற்று. மாலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கிய தாக்குதல் மறுநாள் காலை ஆறு மணி தாண்டும் வரை, சுமார் 11 மணி நேரம் நீடித்தது. ஏறத்தாழ 500 டன் வெடிகுண்டுகளும் 30,000-க்கும் மேற்பட்ட தீக்குண்டுகளும் விழுந்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன, தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. அண்டை ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தும் பாய்ச்சுவதற்குத் தண்ணீர் இல்லை. அன்று இரவு 568 பேர் இறந்தனர். 4,300-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நகரக் கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு சேதமுற்றன.

பேராலயத்தின் கூரையில் அன்று காவல் இருந்தவர்கள் நான்கே பேர். ஒருவர் பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட், இன்னொருவர் முதிய கல்தச்சர் ஜாக் ஃபோர்ப்ஸ், மற்ற இருவர் இளைஞர்கள். மணல் வாளியும் கைப்பம்பும்தான் அவர்களின் ஆயுதம். இரவு எட்டு மணியளவில் முதல் தீக்குண்டுகள் விழுந்தன. ஈயத் தகட்டுக் கூரைக்கும் அதனடியிலிருந்த ஓக் மர விதானத்துக்கும் இடையே குண்டுகள் புகுந்துகொண்டபோது அவற்றை எட்டி அணைக்க வழியில்லாமற் போயிற்று. நால்வரும் சிலுவைகளையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் படைப்பிரிவின் கொடிகளையும் தூக்கி வெளியே சேர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூரையைப் பலப்படுத்தச் சேர்த்த இரும்பு உத்தரங்கள் சூட்டில் முறுக்கிக்கொண்டு தூண் வரிசைகளையும் இழுத்துத் தள்ளின. வெளிச்சுவர்களும் கோபுரமும் தப்பின. கோபுரக் கடிகாரம் அந்த இரவு முழுவதும் மணி தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது என்பது அன்று அங்கிருந்தவர்கள் சொல்லிச் சென்ற நினைவு.

இரண்டு நாள் கழித்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இடிபாடுகளினூடே நடந்து வந்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் நவம்பர் 20, 23 ஆகிய நாள்களில் லண்டன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் பொதுக் குழிகளில் அடக்கம் செய்யப்பட்டனர். கண்ணாடி மாளிகையைக் கட்டிப் புகழ்பெற்ற ஜோசப் பேக்ஸ்டன் அமைத்த தோட்டம் அது. ஜெர்மானியப் பிரசாரத்தில் ஒரு நகரைத் தரைமட்டமாக்குவதற்குக் ‘கவென்ட்ரி ஆக்குதல்’ என்று ஒரு வினைச்சொல்லே பிறந்தது. பிறகு 1941 ஏப்ரலில் வந்த தாக்குதல்களில் மேலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கிறைஸ்ட் தேவாலயமும் அப்போதுதான் விழுந்தது. அதன் கூர்கோபுரம் இன்றும் தனியே நிற்கிறது.

அந்த இரவைப் பற்றிய ஒரு வதந்தி இன்னும் சுற்றி வருகிறது. ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்தது வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சர்ச்சில் தெரிந்தே கவென்ட்ரியைப் பலி கொடுத்தார் என்பது அது. எஃப். டபிள்யூ. வின்டர்பாதம் 1974-இல் எழுதிய நூல் இதைப் பரப்பியது. வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. பெரிய தாக்குதல் ஒன்று வருகிறது என்பது உளவுத் துறைக்குத் தெரிந்திருந்தது; இலக்கு எது என்பதில் தெளிவில்லை. சர்ச்சிலே அன்று மாலை லண்டன்தான் தாக்கப்படும் என்று எண்ணி, வெளியூர் செல்லப் புறப்பட்டவர் பாதி வழியில் தலைநகருக்குத் திரும்பினார்.

தீ அடங்கியதும் இடிபாட்டில் மூன்று சிறிய காரியங்கள் நடந்தன. பின்னாளில் நகரின் அடையாளமானவை அவைதாம். விதானத்திலிருந்து விழுந்த இரண்டு கருகிய உத்தரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதைக் கண்ட கல்தச்சர் ஃபோர்ப்ஸ், அவற்றைக் கம்பியால் கட்டிச் சிலுவையாக நிறுத்தினார். ஆர்தர் வேல்ஸ் என்னும் குருவானவர், பழைய கூரைச் சட்டங்களைப் பிணைத்திருந்த மூன்று இடைக்கால ஆணிகளைச் சேர்த்து ஓர் ஆணிச் சிலுவை செய்தார். ஹோவர்ட், பலிபீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரில் ‘பிதாவே, மன்னியும்’ என்ற சொற்களைப் பொறிக்கச் செய்தார். வேதாகமத்தில் ‘இவர்களுக்கு’ என்று ஒரு சொல் இடையில் வரும். இங்கே அது விடப்பட்டிருக்கிறது. மன்னிக்கப்பட வேண்டியவர்கள் எதிரிகள் மட்டும் என்று யாரும் கொண்டுவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. 1940 கிறிஸ்துமஸ் நாளில் இதே இடிபாட்டிலிருந்து பி.பி.சி. வானொலியில் பேசிய ஹோவர்ட், பழிவாங்கும் எண்ணத்தை விட்டு, போருக்குப் பின் மேலான ஓர் உலகைக் கட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். குண்டு விழுந்து ஆறு வாரம்கூட ஆகாத வேளையில் இந்தப் பேச்சை ஊரார் எல்லோரும் விரும்பியிருக்க முடியாது.

நகர மையத்தைப் பொறுத்தவரை, குண்டுவீச்சு கிப்சனுக்கு ஒரு வாய்ப்பாயிற்று. அவருடைய துணிச்சலான திட்டத்தை 1941 பிப்ரவரியில் மன்றம் ஏற்றது. மையத்தில் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்பது அதன் உயிர்நாடி. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சினார்கள். 1946-இல் வெற்றி நாளன்று சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை செதுக்கிய அடிக்கல் ஒன்று பதிக்கப்பட்டது. 1950-களில் இரண்டடுக்குக் கடைத்தெருக்கள் சிலுவை வடிவில் எழுந்தன. 1940 மே மாதம் இதே போலக் குண்டுக்கு இரையான டச்சு நகரம் ராட்டர்டாமும் இதே காலத்தில் லைன்பான் என்ற நடைக் கடைத்தெருவைக் கட்டியது. வண்டியில்லாத கடைத்தெரு ஐரோப்பாவில் பரவ இவ்விரு நகரங்களும் முன்மாதிரி ஆயின.

இன்று அந்தக் கடைத்தெருவின் மேற்கு முனையில் நின்று கிழக்கே நோக்கினால், இருபுறக் கட்டடங்களின் நடுவே தூய மிகாவேல் கூர்கோபுரம் தெரியும். தெருவின் அச்சையே கோபுரத்தை நோக்கி வைத்திருக்கிறார்கள். கீழ்க் கடைத்தெருவில் கார்டன் கல்லன் பீங்கான் ஓடுகளில் தீட்டிய நகர வரலாறு இருக்கிறது. பக்கத்தில் 1958-இல் திறந்த வட்ட வடிவச் சந்தையின் கூரைமேல் கார்கள் நிற்கின்றன; உள்ளே காய்கறி, மீன், துணி விற்கிறார்கள். அதன் சுவரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியர் கைவண்ணத்தில் உழவும் தொழிலும் காட்டும் ஓவியம் உண்டு. பிராட்கேட் சதுக்கத்தில் 1949-இல் நிறுவிய கொடைவா சிலை நிற்கிறது. அருகிலுள்ள கடிகாரத்தில் மணிதோறும் குதிரை மேல் ஒரு கொடைவாப் பொம்மை வலம் வர, கதையில் அவளை ஒளிந்து பார்த்ததாக வரும் ‘எட்டிப்பார்த்த டாம்’ மேலேயுள்ள பலகணியிலிருந்து தலையை நீட்டுவான். 1958-இல் திறந்த பெல்கிரேட் நாடக அரங்குக்கு அந்தப் பெயர் வந்தது, யூகோஸ்லாவியத் தலைநகரம் அதற்கு மரம் கொடுத்து உதவியதால்.

புதிய மையத்துக்கு விலையும் உண்டு. குண்டுக்குத் தப்பிய பழைய வீடுகள் பல, தெருவுக்கும் கடைக்கும் வழிவிட்டு மறைந்தன. 1962 முதல் 1974 வரை கட்டிய 3.6 கிலோமீட்டர் வட்டச் சாலை மையத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலிருந்து வெட்டிப் பிரித்தது. அழிவைக் கண்டு கவலைப்பட்டவர்கள் 1960-களின் பிற்பகுதியில் ஒரு மாற்று வழியைக் கண்டனர். அங்கங்கே எஞ்சியிருந்த மரச்சட்டக வீடுகளைப் பிரித்தெடுத்து ஸ்பான் தெருவுக்குக் கொண்டுவந்து மறுபடி பொருத்தினர். இன்று அந்தத் தெருவில் நடப்பவர் இடைக்காலத் தெரு அப்படியே தப்பியதாக நினைக்கக்கூடும். அதிலுள்ள வீடுகளில் சில அங்கேயே பிறந்தவை. சில குடிபெயர்ந்து வந்தவை. குடிபெயராமல் தப்பிய பெரிய கட்டடம் தூய மேரி கில்ட் மண்டபம். ஸ்காட்லாந்து அரசி மேரி 1569-இல் சிறைவைக்கப்பட்ட இடமாக அது சொல்லப்படுகிறது. 1500-ஐ ஒட்டி நெய்த திரைச்சீலை ஒன்று இன்னும் அதன் சுவரில் தொங்குகிறது.

பேராலயத்தின் கதை வேறு வழியில் சென்றது. போர்க் காலத்திலேயே ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த திட்டம் கைவிடப்பட்டு, 1950-இல் போட்டி அறிவிக்கப்பட்டது. 219 பேர் வரைபடம் அனுப்பினர். 1951 ஆகஸ்டில் பேசில் ஸ்பென்ஸ் வெற்றி பெற்றார். நார்மண்டிப் போர்முனையில் பதுங்குகுழியில் இருந்தபோது, வாழ்க்கையில் என்ன செய்ய ஆசை என்று நண்பர் கேட்டதற்கு, ஒரு பேராலயம் கட்ட ஆசை என்று சொன்னதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கோபுரத்தைத் தவிர இடிபாட்டில் எதையும் அகற்றலாம் என்று போட்டி விதிகள் இடம் கொடுத்தன. 1950-இல் முதன்முறை அங்கே வந்து நின்றபோதே, இடிந்ததும் ஒரு கோயில்தான், அதைத் தொடாமல் பக்கத்தில் புதியதைக் கட்ட வேண்டும் என்று ஸ்பென்ஸ் முடிவு செய்துவிட்டார். பழைய பேராலயம் கிழக்கு நோக்கியது. புதியது அதற்குச் செங்குத்தாக வடக்கு நோக்கி நிற்கிறது. இரண்டையும் உயர்ந்த முகமண்டபம் ஒன்று இணைக்கிறது. நகர மன்றமே இதற்குத் தடை சொன்னது: வீடில்லாதவர்கள் இருக்கும்போது கோயில் எதற்கு என்று 1954-இல் கட்டுமான உரிமத்தைத் தள்ளிவைக்கக் கேட்டது. பொதுப்பணி அமைச்சர் டேவிட் எக்கிள்ஸ் உரிமத்தைக் கொடுத்தார். 1956-இல் அரசி எலிசபெத் அடிக்கல் நாட்டினார். 1962 மே 25-இல் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

இடிபாட்டிலிருந்து படியிறங்கி முகமண்டபம் வழியாகப் புதிய பேராலயத்துக்குள் செல்வதுதான் பார்வையாளர் நடக்கும் வழி. நுழைவாயில் முழுக்கக் கண்ணாடி. அதில் ஜான் ஹட்டன் புனிதர்களையும் தேவதூதர்களையும் சாணைச் சக்கரத்தால் செதுக்கியிருக்கிறார். வெயில் நேரத்தில் அவ்வுருவங்களினூடே இடிந்த சுவர்கள் தெரியும். உள்ளே மறுகோடியில் கிரஹாம் சதர்லேண்ட் வடிவமைத்த பச்சைப் பின்னணிக் கிறிஸ்து அமர்ந்திருக்கிறார். பிரான்சின் ஃபெல்லெத்தென் ஊரில் நெய்த இந்தத் திரைச்சீலை 23 மீட்டர் உயரமும் 12 மீட்டர் அகலமும் உடையது. வாசலருகே பெத்லகேமின் குன்றிலிருந்து கொண்டுவந்த பாறை, ஞானஸ்நானத் தொட்டியாக இருக்கிறது. அதன் பின்னே ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸும் சேர்ந்து செய்த 195 கண்ணாடிப் பலகைகளின் நடுவில் வெள்ளை மஞ்சள் ஒளி பொங்கும். வெளிச்சுவரில் ஜேக்கப் எப்ஸ்டைன் செய்த மிகாவேல் சாத்தானை வென்று நிற்கிறார்.

நடுக்கூடத்தில் பலிபீடத்தை நோக்கி நடப்பவருக்கு இருபுறமும் கல்சுவர்தான் தெரியும். மடிப்பு மடிப்பாக அமைந்த சுவரின் மறுபக்கத்தில் ஐந்து ஜோடி உயரமான வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஒளிந்திருக்கின்றன. அவை பலிபீடத்தை நோக்கித் திரும்பியவை. பலிபீடத்தருகே சென்று திரும்பிப் பார்க்கும்போதுதான் பத்தும் ஒருசேரக் கண்ணில் படும். வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பவருக்கே நிறம் கிடைக்கும்படி கட்டியிருக்கிறார்கள். அதே பார்வையின் முடிவில் கண்ணாடி வாயிலும், அதற்கப்பால் கூரையில்லாத பழைய பேராலயமும் இருக்கின்றன.

திறப்பு விழாவுக்காக பெஞ்சமின் பிரிட்டன் ‘வார் ரெக்வியம்’ என்ற இசைப்படைப்பை இயற்றினார். லத்தீன் மரணத் திருப்பலிப் பாடல்களுடன் முதல் உலகப் போரில் மாண்ட வில்ஃபிரட் ஓவனின் கவிதைகளை அதில் பின்னினார். 1962 மே 30-இல் அது இங்கே அரங்கேறியது. ஆங்கிலேயர் பீட்டர் பியர்ஸ், ஜெர்மானியர் டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்காவ், ரஷ்யப் பாடகி கலினா விஷ்னேவ்ஸ்காயா ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து அவர் எழுதியிருந்தார். சோவியத் அரசு விஷ்னேவ்ஸ்காயாவை அனுப்ப மறுத்ததால் ஹெதர் ஹார்ப்பர் பாடினார்.

ஒப்புரவு என்பது பாட்டோடு நிற்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944-இல், கவென்ட்ரி ஸ்டாலின்கிராடுடன் நட்புறவு பூண்டது. 830 பெண்கள் தங்கள் பெயர்களைத் தையலிட்ட மேசைவிரிப்பு ஒன்றை அந்த நகருக்கு அனுப்பினர். 1947-இல் கீல், 1959-இல் டிரெஸ்டன் என்று எதிரி நாட்டு நகரங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 1961-இல் ஜெர்மானிய இளைஞர்கள் கவென்ட்ரிக்கு வந்து இடிபாட்டின் ஒரு பகுதியைச் சர்வதேச மையமாகச் சீரமைத்தனர். 1965-இல் கவென்ட்ரி இளைஞர்கள் டிரெஸ்டனுக்குச் சென்று, பிரிட்டிஷ், அமெரிக்கக் குண்டுகளில் சிதைந்த மருத்துவமனையைக் கட்டக் கைகொடுத்தனர். மூன்று ஆணிச் சிலுவை உலகின் பல தேவாலயங்களுக்குச் சென்றிருக்கிறது. பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் தேவாலயம் அவற்றுள் ஒன்று. குண்டில் இடிந்த டிரெஸ்டனின் ஃபிராவன்கிர்ஷே தேவாலயம் 2005-இல் பழைய உருவத்திலேயே எழுப்பப்பட்டது. கவென்ட்ரி இடிபாட்டை இடிபாடாகவே வைத்தது. ஒரே காயத்துக்கு இரண்டு நகரங்கள் செய்த இரண்டு வைத்தியம் அவை.

இடிபாட்டையும் பராமரிக்க வேண்டும். கூரையில்லாத சுவரின் உச்சியில் மழைநீர் இறங்கிக் கல்லைத் தின்கிறது. விரிசல்கள் கண்டதால் உலக நினைவுச்சின்ன நிதியம் இந்த இடத்தை 2012-க்கான ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. போருக்கு முன்பே கழற்றி வைத்ததால் தப்பிய இடைக்கால வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் காப்பதும் ஒரு வேலை. இடிபாட்டில் இன்று நிற்கும் கருகிய சிலுவை ஒரு பிரதி. அசல் பாதுகாப்பாக உள்ளே இருக்கிறது.

கிப்சனின் கடைத்தெருக்களும் இப்போது பழையவை ஆகிவிட்டன. கார் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய 1970, 80-களில் கான்கிரீட் கறைபட்டு, மையம் களையிழந்தது. கவென்ட்ரி இசைக்குழுவான ‘தி ஸ்பெஷல்ஸ்’ 1981-இல் வெளியிட்ட ‘கோஸ்ட் டவுன்’ அந்தச் சோர்வின் பாட்டாக நாடெங்கும் ஒலித்தது. போருக்குப் பின் எழுந்த கட்டடங்களை அசிங்கம் என்று தூற்றிய காலம் மாறி, வட்டச் சந்தை 2009-இல் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. 2018-இல் மையத்தின் வேறு சில கட்டடங்களும் சேர்ந்தன. பட்டியலுக்கு வெளியே உள்ள சிலவற்றை இடித்துப் புதிய வீடுகளும் கடைகளும் கட்டும் வேலை நடக்கிறது. எதை வைப்பது, எதை இடிப்பது என்ற பழைய கேள்வி இப்போது 1950-களின் கட்டடங்கள் முன் வந்து நிற்கிறது.